சூப்பர்ஜூம் கேமரா: வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கடையில் சூப்பர்ஜூம் கேமராவைக் கையில் கொடுத்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஜூம் லீவரைக் கடைசிவரை தள்ளுவார்கள். எதிர்க்கடைப் பெயர்ப்பலகையில் பொடி எழுத்தில் இருக்கும் போன் நம்பரைத் திரையில் படிப்பார்கள். "அடேயப்பா!" என்பார்கள். அடுத்தது பில் போடுவதுதான். அந்த நம்பரைப் படமாக எடுத்து, வீட்டுக் கணினியில் முழு அளவில் திறந்து பார்க்கும்போதுதான் கேமராவின் குணம் தெரியும். அதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்ளலாம். ஒரு காலையும் ஒரு மாலையும் போதும்.

இந்த அத்தியாயத்தில் எடுத்துக்காட்டுக்கு நிகான் கூல்பிக்ஸ் பி900 மாடலை வைத்துக்கொள்வோம். 2015-இல் வந்த கேமரா. நிலாவை நெருங்கிப் போகும் வீடியோக்களால் யூடியூபில் பெயர் வாங்கியது. பிறகு பி1000 (2018), பி950 (2020) என்று தம்பிகள் வந்துவிட்டாலும் செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்களின் பட்டியலில் இதற்கு இன்னும் இடம் உண்டு. உங்கள் கையில் இருப்பது கேனனோ பானாசோனிக்கோ எதுவானாலும் சோதனைகள் இவையேதான்.

எண்களில் எதைப் பார்ப்பது

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் "83 மடங்கு" என்பது எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்வதில்லை. லென்ஸின் நீண்ட முனையை அகல முனையால் வகுத்தால் வரும் எண், அவ்வளவுதான். பி900-இன் வீச்சு 24 முதல் 2000 மி.மீ. கேனன் பவர்ஷாட் எஸ்எக்ஸ்70 எச்எஸ் 21 முதல் 1365, அதாவது 65 மடங்கு. பானாசோனிக் எஃப்இசட்80 மாடலோ 20 முதல் 1200, 60 மடங்கு. ஆகவே மடங்கை விட்டுவிட்டுக் கடைசி எண்ணைப் பாருங்கள்.

அந்த 2000-மும் 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடாகச் சொல்லப்படும் கணக்கு. உண்மையில் லென்ஸ் 4.3 முதல் 357 மி.மீ. வரைதான். படத்தின் விவரத்தில் 357 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. அளவே இருப்பதால் 357 மி.மீ. லென்ஸே 2000-த்தின் வேலையைச் செய்துவிடுகிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு இதைப் போல 30 மடங்கு.

இந்தச் சின்னச் சென்சாரால்தான் 2000 மி.மீ. வீச்சு 900 கிராம் எடைக்குள் அடங்குகிறது. மாலை வெளிச்சத்தில் காலை வாரிவிடுவதும் இதே சென்சார்தான். கேமராவின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பலம் எந்த இடத்தில் முடிந்து பலவீனம் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே கீழே வரும் சோதனைகளின் வேலை.

இன்னொரு எண், எஃப். பி900-இல் அகல முனையில் எஃப்/2.8; நீண்ட முனையில் எஃப்/6.5. முழு ஜூமுக்குப் போகும்போது சென்சாருக்கு வந்துசேரும் ஒளி ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். தத்துவம் இத்தோடு முடிந்தது.

முதலில் பாதுகாப்பு

- முழு ஜூமில் சூரியனை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். எலக்ட்ரானிக் வியூஃபைண்டரில் கண்ணுக்கு ஆபத்து இல்லை என்பது சரிதான், ஆனால் லென்ஸ் குவிக்கும் வெப்பம் சென்சாரைப் பொசுக்கிவிடும். கிரகணம் எடுக்க வேண்டுமானால் லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சோலார் ஃபில்டர் கட்டாயம்.
- மொட்டை மாடியில் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி நடக்காதீர்கள். பறந்துபோகும் பருந்தைத் தொடர்ந்து பின்னால் நகர்கிறவருக்குக் கைப்பிடிச் சுவர் எங்கே என்பது மறந்துவிடும்.
- அடுத்த வீட்டு ஜன்னல் பக்கம் லென்ஸைத் திருப்பி "சும்மா டெஸ்ட் பண்றேன்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் தேவையில்லை. விமான நிலையம், துறைமுகம், ராணுவ இடங்கள், படம் எடுக்கத் தடை என்று பலகை வைத்த எந்த இடமும் சோதனைக்கு உகந்தவை அல்ல.
- பறவைக் கூடுகளைச் சோதனைப் பொருளாக்காதீர்கள். தூரத்திலிருந்து எடுப்பதற்குத்தான் இந்தக் கேமரா. கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை முட்டையை விட்டு எழுந்துவிடும்.

ஏற்பாடுகள்

1. முழுதாக சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் உங்களுடைய சொந்த மெமரி கார்டும் கொண்டுபோங்கள். படங்களை வீட்டுக்கு எடுத்து வந்து பார்க்க வேண்டும். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும்.

2. மெனுவில் எல்லா அமைப்புகளையும் தொடக்க நிலைக்கு மாற்றுங்கள். முந்தைய ஆள் என்னென்ன மாற்றி வைத்திருக்கிறார் என்று தெரியாது.

3. படத்தின் அளவும் தரமும் மிக உயர்ந்த நிலையில் இருக்கட்டும்.

4. டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் மற்றச் சோதனைகள் அத்தனையும் வீண். லென்ஸ் 2000-இல் நின்ற பிறகும் திரையில் படம் பெரிதாகிக்கொண்டே போகும். அந்தப் பெரிதாக்கலைப் பிறகு கணினியிலேயே செய்துகொள்ளலாம்.

5. லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றி வையுங்கள். கடைக்காரர் இலவசமாக மாட்டிக்கொடுக்கும் மலிவான கண்ணாடி அகல முனையில் ஒன்றும் செய்யாது, 1000 மி.மீ. தாண்டியதும் படத்தை மங்கடித்துவிடும். லென்ஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

உறுதியான டிரைபாட் ஒன்றும் வேண்டும். இல்லையென்றால் மேசையும் அரிசிப் பையும் போதும்.

சோதனை 1: உடம்பைப் பாருங்கள்

கேமராவை ஆன் செய்து ஜூமை முழுதாக வெளியே விட்டு, முழுதாக உள்ளே இழுங்கள். மூன்று நான்கு முறை செய்யுங்கள். மோட்டார் ஒரே சீராக ஓட வேண்டும். நடுவில் திணறினால், கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால், கடற்கரையில் விழுந்த கேமராவாக இருக்கலாம். முழுதாக நீட்டிய குழாயை விரலால் மெல்லத் தொட்டால் கொஞ்சம் ஆடும். அது இயல்பு. தொளதொளவென்று தொங்கினால் இயல்பல்ல.

பிறகு செல்போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். இரண்டொரு தூசி இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. சிலந்தி வலைபோல் கிளை பிரிந்த வெண்கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோர ஊர்களில் அலமாரிக்குள் பூட்டி வைத்த கேமராக்களில் இது சகஜம். விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

சோதனை 2: செய்தித்தாள்

நாளிதழின் ஒரு முழுப் பக்கத்தை விரித்துச் சுவரில் சமமாக ஒட்டுங்கள். விளம்பரம் குறைவாக, எழுத்து நிறைய உள்ள பக்கமாக இருக்கட்டும். கேமராவை டிரைபாடில், தாளின் நடுப்பகுதிக்கு நேராக, சுவருக்கு இணையாக வையுங்கள். நடுக்கக் கட்டுப்பாட்டை அணையுங்கள். டிரைபாடில் அது உதவியைவிட உபத்திரவம்தான். இரண்டு வினாடி டைமர் வைத்து எடுங்கள்.

கணினியில் திறந்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் நடுப்பகுதியைவிடச் சற்று மங்கலாக இருக்கலாம். சூப்பர்ஜூம் லென்ஸுக்கு அது சகஜம். மூன்று மூலைகளில் எழுத்துத் தெளிவாக இருந்து ஒன்றில் மட்டும் குழம்பியிருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி இடம் பெயர்ந்திருக்கிறது. முதலில் கேமரா கோணலாக நின்றதா என்று சரிபார்த்து இன்னொரு முறை எடுங்கள். அதே மூலை மறுபடியும் மங்கினால் அந்தக் கேமரா வேண்டாம். மாடல் நல்லதாகவும் கையில் உள்ள பீஸ் மோசமாகவும் இருப்பது இந்த வகைக் கேமராக்களில் நடக்கும்.

சோதனை 3: நீண்ட முனையின் உண்மை

அத்தியாயத்தில் ஒரே ஒரு சோதனை செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

1. காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். 100 மீட்டர் தூரத்தில் பொடி எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்த பலகை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

2. டிரைபாடில் வைத்து, நடுக்கக் கட்டுப்பாட்டை அணைத்து, டைமரில் ஏறத்தாழ 200, 500, 1000, 1500, 2000 மி.மீ. நிலைகளில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஃபோகஸைப் புதிதாகப் பிடித்து மூன்று படம்.

3. கணினியில் 1000 மி.மீ. படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, 2000 மி.மீ. படத்தின் பக்கத்தில் வையுங்கள்.

2000-இல் புதிதாக ஏதாவது படிக்க முடிகிறதா? முடிந்தால் அந்தக் கடைசி ஆயிரத்துக்குக் கொடுக்கும் காசு நியாயம். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன என்றால், உங்கள் கேமராவின் நிஜமான வீச்சு 1000-த்தோடு முடிந்துவிட்டது. என் கருத்தில், இந்த ரகக் கேமராக்களைத் தரம் பிரிக்க இதைவிட நேர்மையான சோதனை இல்லை.

இதே சோதனையை மறுபடி பகல் பன்னிரண்டு மணிக்குச் செய்து பாருங்கள். பலகையின் எழுத்துக்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். சூடேறிய தார்ச்சாலை, தகரக் கூரை, வறண்ட ஏரிக்கரை இவற்றின் மேல் எழும் காற்றுதான் காரணம். எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸாலும் இதை வெல்ல முடியாது. நண்பகலில் சோதித்துவிட்டு "முழு ஜூம் சாஃப்ட்" என்று முடிவு கட்டுவதுதான் இந்த வகைக் கேமராக்களைப் பற்றிப் பரவும் தவறான தீர்ப்புகளில் முதலிடம்.

*குறிப்பு:* தெளிவு கூடும் என்று நினைத்து முழு ஜூமில் எஃப்/8-க்குப் போகாதீர்கள். பெரிய கேமராக்களில் பலிக்கும் அந்த வித்தை இங்கே பலிக்காது. இவ்வளவு பொடிப் பிக்சல்களில் துவாரம் சிறிதாக ஆக, ஒளி விளிம்பில் சிதறிப் படம் இன்னும் மங்கும். திறந்த நிலையிலேயே விடுங்கள்.

சோதனை 4: கை நடுக்கம்

முழு ஜூமில் 100 மீட்டர் தூரத்தில் பி900 பார்க்கும் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். மூச்சு விட்டால்கூடப் பறவை சட்டத்தை விட்டு வெளியே போய்விடும். பழைய கணக்குப்படி 2000 மி.மீ.-க்குக் கையில் பிடித்து எடுக்க 1/2000 வினாடி வேண்டும். நடுக்கக் கட்டுப்பாடு அதை எவ்வளவு தளர்த்துகிறது என்று பாருங்கள்.

நடுக்கக் கட்டுப்பாட்டை ஆன் செய்யுங்கள். ஷட்டர் வேகத்தை நீங்களே தேர்ந்தெடுக்கும் எஸ் மோடில், கையில் பிடித்து 1/500, 1/250, 1/125, 1/60 என்று ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுங்கள். பத்தில் ஏழாவது தெளிவாக இருக்கும் மிகக் குறைந்த வேகம் எது? அதுதான் உங்கள் எல்லை. உங்கள் எல்லை என்று சொல்லக் காரணம், இதில் பாதி மதிப்பெண் கேமராவுக்கு, பாதி உங்கள் கைகளுக்கு. வியூஃபைண்டரை நெற்றியோடு ஒட்டி, இடது கையால் லென்ஸ் குழாயை அடியில் தாங்கி, முழங்கைகளை விலாவில் பதித்து நின்றால் முடிவு நன்றாக மாறும். திரையைப் பார்த்தபடி கையை நீட்டி எடுப்பவருக்கு எந்தக் கேமராவும் பாஸ் ஆகாது.

சோதனை 5: வெளிச்சம் இறங்கும்போது

நல்ல வெயிலில் எஃப்/6.5, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஏறத்தாழ 1/600 வினாடி கிடைக்கும். வானம் நன்றாக மூடிக்கொண்டால் அது 1/80-க்கு இறங்கிவிடும். பறவை அசையும், கையும் அசையும். வேறு வழியின்றி ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றலாம் என்று இப்போது பாருங்கள்.

மாலை ஐந்தரைக்கு மேல், நுண்ணிய இழைகள் உள்ள பொருள் ஒன்றை எடுங்கள். தேங்காய் நார், கம்பளி, தெருநாயின் முதுகு எதுவும் சரி. டிரைபாடில் ஐஎஸ்ஓ 100, 200, 400, 800, 1600. (நாய் தூங்கிக்கொண்டிருந்தால் நல்லது.)

புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிகிறதா என்று தேடாதீர்கள். கேமராவே அதைத் துடைத்துவிடும். துடைக்கும்போது இழைகளையும் சேர்த்துத் துடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முடி முடியாகத் தெரிந்தது எந்த எண்ணில் மெழுகுபோல் வழவழவென்று ஆகிறதோ, அதற்கு முந்தைய எண்ணே உங்கள் உச்சவரம்பு. பி900 போன்ற கேமராக்களில் அச்சுக்குப் போகும் படத்துக்கு 400-ஐயும், வாட்ஸ்அப்பில் பகிர 800-ஐயும் எல்லையாக நான் வைப்பேன். 1600, "இந்தப் பறவையைப் பார்த்தேன்" என்பதற்குச் சாட்சி. அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

சோதனை 6: ஃபோகஸ்

மூன்று சூழ்நிலைகளில் பாருங்கள்.

1. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், பின்னால் வெறும் வானம். எல்லாக் கேமராவும் பிடித்துவிடும் எளிய கேள்வி. இதில் தடுமாறினால் மற்றதைப் பார்க்கத் தேவையில்லை.

2. கிளைகளுக்குப் பின்னால் இருக்கும் மைனா. பெரும்பாலும் முன்னால் உள்ள கிளையில் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொள்ளும். ஃபோகஸ் பெட்டியை மிகச் சிறிதாக்கி மீண்டும் முயலுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் எவ்வளவு நேரம் முன்னும் பின்னும் தேடுகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். மூன்று வினாடிக்குள் மைனா பறந்துவிடும்.

3. வட்டமடிக்கும் பருந்து. பி900 படத்தின் கூர்மையை அலசித்தான் ஃபோகஸ் பிடிக்கிறது. பறக்கும் பறவைக்கு அந்த முறை போதாது. முழு ஜூமில் தேடினால் பருந்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதே பெரும்பாடு. 500 மி.மீ. அளவில் பிடித்துப் பிறகு நெருங்குங்கள். பத்தில் இரண்டு தேறினால் மகிழ்ச்சியடையலாம்.

*குறிப்பு:* முழு ஜூமில் பி900 ஃபோகஸ் பிடிக்கும் மிகக் குறைந்த தூரம் சுமார் 5 மீட்டர். தோட்டத்துச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்ததும், மூன்று மீட்டரில் நின்றுகொண்டு "ஃபோகஸ் ரிப்பேர்" என்று சொல்பவர்கள் உண்டு. பின்னால் நகருங்கள், அல்லது ஜூமைக் குறையுங்கள்.

சோதனை 7: காத்திருப்பு

தொடர் படப்பிடிப்பில் வைத்து ஷட்டர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பி900 வினாடிக்கு 7 படம் எடுக்கும், ஆனால் 7 படத்தோடு நின்றுவிடும். அவற்றைக் கார்டில் எழுதி முடிக்கும்வரை அடுத்த படம் இல்லை. கூழைக்கடா தண்ணீரில் இறங்க வரும்போது ஒரு வினாடி முன்னதாக அழுத்திவிட்டால், கால் தண்ணீரைத் தொடும் தருணத்தில் நீங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வேகமான கார்டு போட்டுக் காத்திருப்பு குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தாலும் அந்த 7 கூடாது.

சோதனை 8: கொக்கும் காகமும்

வெயிலில் நிற்கும் கொக்கை எடுங்கள். இறகு இழைகள் தெரிகின்றனவா, அல்லது சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெள்ளைத் திட்டாக இருக்கிறதா? எக்ஸ்போஷரை -0.7, -1 என்று குறைத்து மீண்டும் எடுங்கள். அடுத்து நிழலில் இருக்கும் காகம். கண் எது, தலை எது என்று பிரிகிறதா? சின்ன சென்சாரால் இரண்டையும் ஒரே படத்தில் சமாளிக்க முடியாது. வெளுத்துப்போன வெள்ளையை மீட்கவும் முடியாது. பி900-இல் ரா கோப்பு வசதி கிடையாது, ஜேபெக் மட்டும்தான். பி950, பி1000, எஸ்எக்ஸ்70, எஃப்இசட்80 ஆகியவற்றில் உண்டு. கணினியில் உட்கார்ந்து படத்தைச் செதுக்கும் பழக்கம் உள்ளவருக்கு இந்த ஒரு வித்தியாசமே மாடலைத் தீர்மானித்துவிடும்.

சோதனை 9: நிலா

இது கொஞ்சம் விளையாட்டு, ஆனாலும் பயன் உண்டு. நிலாவின் அகலம் வானத்தில் அரை டிகிரி. பி900-இன் முழு ஜூம் சட்டத்தில் உயரத்தில் சுமார் எழுபது சதவீதத்தை அது நிரப்பும். பௌர்ணமிக்குப் பதில் வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில் எடுங்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பள்ளங்களின் விளிம்பு கூர்மையாகத் தெரியும், லென்ஸின் தரமும் தெரியும். ஐஎஸ்ஓ 100, எஃப்/6.5, 1/125 வினாடியில் தொடங்குங்கள். வெளுத்தால் வேகத்தைக் கூட்டுங்கள். டிரைபாடில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். பூமி சுழல்வதால் சட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிலா நான்கே நிமிடத்தில் போய்விடும்.

வீடியோவுக்கு ஒரே ஒரு பரிசோதனை போதும். அமைதியான அறையில் ஜூம் செய்தபடி பதிவு செய்து, மோட்டார் சத்தம் எவ்வளவு விழுகிறது என்று கேளுங்கள்.

முடிவுகளை எப்படிப் படிப்பது

ஒரு தாளில் நான்கு விடைகளை எழுதுங்கள்: தெளிவான ஜூமின் எல்லை, கையில் பிடிக்கக்கூடிய ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ உச்சவரம்பு, பறக்கும் பறவையில் தேறிய படங்கள். பக்கத்திலேயே நீங்கள் எதை, எந்த நேரத்தில் எடுக்கப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

காலையில் வேடந்தாங்கலிலோ பள்ளிக்கரணையிலோ கரையில் நின்று உட்கார்ந்திருக்கும் பறவைகளை எடுப்பவருக்கு முதல் இரண்டு விடைகள் நன்றாக இருந்தால் போதும். இந்த விலையில் வேறெந்த வழியிலும் அவ்வளவு தூரம் எட்ட முடியாது. கல்யாண மண்டபம், பள்ளி ஆண்டுவிழா மேடை, கோயில் உள்மண்டபம் என்றால் மூன்றாவது விடையே தீர்ப்பு. அது பெரும்பாலும் பாதகமாகத்தான் வரும். பறக்கும் பறவைதான் குறி என்றால் ஜூமை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்குங்கள். சோனி ஆர்எக்ஸ்10-4 (2017) 600 மி.மீ. வரைதான் போகும். ஆனால் அதன் ஒரு அங்குல சென்சார் பி900-இன் சென்சாரைப்போல நான்கு மடங்கு பரப்பு, நீண்ட முனையிலும் எஃப்/4, வினாடிக்கு 24 படம். விலை பல மடங்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எடையையும் மறக்காதீர்கள். 3000 மி.மீ. எட்டும் பி1000 ஏறத்தாழ 1.4 கிலோ. கழுத்தில் மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றி இருபது நிமிடம் நடந்து பாருங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு

இந்தக் கேமராக்களில் லென்ஸைக் கழற்ற முடியாது. ஆகவே லென்ஸ் போனால் கேமராவே போனதாகத்தான் கணக்கு. ஆன் செய்ததும் "லென்ஸ் எரர்" என்று வந்து, விற்பவர் அணைத்து மறுபடி போட்டுக் காட்டி "சில நேரம் இப்படி வரும்" என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கூடவே தரும் இரண்டாவது பேட்டரி எந்தத் தயாரிப்பு என்று பாருங்கள். பெயரில்லாத பேட்டரி உப்பியிருந்தால் கேமராவுக்குள் போடவே வேண்டாம், உள்ளே சிக்கிக்கொள்ளும், சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். பில், சார்ஜர், லென்ஸ் மூடி மூன்றும் கேளுங்கள். சோதனை 1, 2, 3 செய்ய அரை நாள் அவகாசம் தராதவரிடம் பேரம் பேச வேண்டியதில்லை.